பாபநாசம் வரை கொண்டுபோன கொயர் நோட்டு

கிறிஸ்துமஸ் நேரத்தில் கொஞ்சம் அமைதி வேண்டும், நெல்லையில் எங்கே போகலாம் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். நான் போன இடம் பாபநாசம். ஆண்டு 1997, பண்டிகைக்கு இரண்டு நாள் முந்தி. போன காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: பொறாமை.

பாளையங்கோட்டையில் எங்கள் சபையின் பாடகர் குழுவான கொயரில் பதினொரு வருடம் கேரல் ஆராதனையின் தனிச்சரணம் நான்தான் பாடினேன். மூன்றாவது அடியில் எனக்கு மூச்சு எட்டாது. நடுவில் நிறுத்தி, ஒரு சின்ன இழுப்பு இழுத்துத்தான் மேலே ஏறுவேன். "நோட்டுல இல்லாதத எதுக்கும்மா போடுத?" என்று கொயரை நடத்தும் அண்ணாச்சி வருஷம் தவறாமல் சொல்வார். அந்த வருஷம் சொல்லவில்லை. சரணத்தையே எஸ்தருக்குக் கொடுத்துவிட்டார். எஸ்தர் எங்கள் பக்கத்து வீட்டுக்கு ஆறு மாதம் முன் சாத்தான்குளத்திலிருந்து குடிவந்தவள். குரல் நல்ல குரல்தான். அதுதான் வயிற்றெரிச்சலே.

வீட்டில் முறுக்கு சுடும் புகை, வாசலில் ஸ்டார் கட்டும் சத்தம், போகிறவர் வருகிறவர் எல்லாம் "எஸ்தராமே இந்தத் தடவை?" என்று விசாரிப்பு. காலை எட்டு பத்துக்கு டவுன் பஸ் ஏறிவிட்டேன். என் பையில் கொயரின் சோல்ஃபா நோட்டு இருந்தது. பாட்டுகளின் ஸ்வரங்களைக் கையால் எழுதியது, ஒரே பிரதி, பொறுப்பு என்னுடையது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கடைசிப் பயிற்சி. மறந்து எடுத்து வந்தேன் என்று சொல்லமாட்டேன். நோட்டில்லாமல் அவள் எப்படிப் பாடுகிறாள் என்று பார்க்கத்தான் எடுத்தேன்.

வண்ணார்பேட்டையில் பண்டிகைக் கூட்டம் பஸ்ஸை இருபது நிமிடம் நிறுத்தி வைத்தது. ஜங்ஷனிலிருந்து பாபநாசம் ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் எட்டரை ரூபாய். சேரன்மகாதேவி தாண்டியதும் இரண்டு பக்கமும் பச்சை வயல், எதிரே மலை. ஜன்னலோரம் ஒரு பெண் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு வந்தாள். அவளைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

இறங்கும்போது மணி பதினொன்று. அமைதியாவது ஒன்றாவது! படித்துறை முழுக்க ஐயப்ப சாமிகள். ஆனால் ஒவ்வொருவரும் ஆற்றில் முங்கி எழும்போது முகம் தெளிந்திருந்தது. ஒரு முங்கில் இவர்களுக்குக் கிடைப்பது எனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று அதற்கும் எரிந்தது.

மீனுக்குப் போடப் பொரி விற்கும் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தனியா வந்திருக்கிய. முங்கலியா?"

"நாங்க வேதக்காரங்க."

"அதுக்கென்ன, தண்ணி ஆளு பாத்தா ஓடுது? பைய இறங்குங்க, வழுக்கும்."

கால் மட்டும் நனைத்தேன். நோட்டை வெளியே எடுத்தேன். கைதவறி விழுந்தது என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? தண்ணீருக்கு மேல் நீட்டியதும், பொரி என்று நினைத்து முழங்கை நீள மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு கூடிவிட்டன. முதல் பக்கத்தில், பொறுப்பேற்று நான் போட்ட கையெழுத்து தெரிந்தது. சீ, என்ன பிறவி நான் என்று வெட்கமாகிவிட்டது. மீன்கள் தெறித்த தண்ணீரைச் சேலைத் தலைப்பில் துடைத்து, நோட்டைப் பைக்குள் வைத்தேன்.

இரண்டு மணி பஸ் அம்பாசமுத்திரத்தோடு நின்றுவிட்டது. அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து வந்தது, அதிலும் நின்றுகொண்டே பயணம். எங்கள் சபைக் கோயிலுக்குள் ஓடிப்போய் நுழையும்போது ஐந்தரை. நோட்டை யாருமே தேடவில்லை. எஸ்தர் பாடிக்கொண்டிருந்தாள். மூன்றாவது அடி வந்தது. நடுவில் நிறுத்தி, ஒரு சின்ன இழுப்பு இழுத்து மேலே ஏறினாள்.

அண்ணாச்சி திரும்பி என்னைப் பார்த்தார்.

"எனக்கு நோட்டு வாசிக்கத் தெரியாதுக்கா," என்றாள் எஸ்தர். "நீங்க காலையில தண்ணி பிடிக்கையில பாடுவீங்கள்லா, மதிலுக்கு இந்தப் பக்கம் நின்னு கேட்டுத்தான் படிச்சேன். தப்பா இருக்கா?"

சரி என்று சொல்லிவிட ஆசைதான். ஊரே கேட்கும் பாட்டில் என் இழுப்பு இருந்திருக்கும்.

"அங்கன நிறுத்தக் கூடாது," என்றேன். "எனக்கு மூச்சு எட்டாது, அதான் நிறுத்துவேன். உனக்கு எட்டும். ஒரே மூச்சுல போ."

போனாள். பதினொரு வருடமாக அந்த அடி அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் அந்த மாதம் முழுக்க இறங்காத சோறு அன்று ராத்திரி இறங்கியது.

போகிறவர்களுக்கு: டிசம்பரில் படித்துறையில் கூட்டம் இருக்கும், காலை எட்டுக்குள் போய்விடுங்கள். திரும்பும்போது நேராக நெல்லை போகும் பஸ்தானா என்று கண்டக்டரிடம் கேட்டு ஏறுங்கள். படி வழுக்கும். அடுத்தவருக்கு வேண்டிய பொருள் எதுவும் உங்கள் பையில் இருந்தால், கிளம்புவதற்கு முன் கொடுத்துவிட்டுப் போங்கள்.