இருட்டில் சுவிட்ச்

ஐந்தாவது வரைதான் படித்தேன். நாலு பேர் நடுவில் பேச வராது. ஆனால் சஸ்பென்ஸ் படம், தொடர் எதையும் விடமாட்டேன். கடைசியில் புதிதாக ஒருவனைக் கொண்டுவந்து கொலைகாரன் என்றால் அது ஏமாற்று வேலை. ஆளை முதலிலேயே கண்ணெதிரே காட்டிவிட்டு நம்மைக் கோட்டைவிட வைக்க வேண்டும்.

வெள்ளிமலையிலிருந்து ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த புதிது. மாமனார் எதிரில் உட்காரக் கூடாது என்பது எங்கள் வழக்கம். நான் டிவி பார்க்கையில் சமையலறை வாசலில் நின்றே பார்ப்பாள். எனக்கு மனசு உறுத்தும். ஆனால் உட்காரச் சொல்ல வாய் வராது.

ஒருநாள் தொடரில் கொலை விசாரணை. "வாட்ச்மேன்தான் கொன்னிருக்கான்" என்றேன் மனைவியிடம்.

"இல்லீங்க மாமா, டாக்டரு" என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

"இன்னாடி, மாமாவயே மடக்குற?" என்றாள் மனைவி.

அன்றுதான் மருமகளிடம் முதன்முதலாகப் பேசினேன். "எப்பிடிம்மா சொல்ற?"

"கொல நடந்த வூட்டுக்கு இன்னிக்கித்தான் மொத தடவயா வந்தேன்னாரு. ஆனா இருட்டுல தடவாம சுவிட்ச போட்டாரு. இந்த வூட்ல நான் இன்னும் தடவிக்கினுதான இருக்கேன்!"

கடைசியில் டாக்டர்தான் மாட்டினார். நான் எழுந்து, என் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். "உக்காரும்மா." அவள் மாமியாரைப் பார்த்தாள்.

"உக்காரு, இனிமே உன் மாமனாருக்கு வாத்தியாரு நீதான்" என்று சிரித்தாள் என் மனைவி.

இப்போது டீக்கடையில் படப்பேச்சு வந்தால் நானே வாய் திறக்கிறேன்: "எம் மருமக கொலகாரன் யாருன்னு இடைவேளையிலயே சொல்லிடும்!"

நேற்று சாயங்காலம் கூடம் இருட்டாகக் கிடந்தது. பேசிக்கொண்டே உள்ளே வந்த மருமகள், தடவாமல் சுவிட்சைப் போட்டாள். அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.