கேசட்டுக்குள் இருந்த முதலிடம்

என் மேசை இழுப்பறையில் ஒரு வீடியோ கேம் கேசட் இருக்கிறது. சாம்பல் நிறம், உள்ளங்கையில் பாதி அளவு, பின்புறம் ஒரே ஒரு திருகாணி. அதன் தலையில் உள்ள கீறல் நான் போட்டது.

கேசட் என் தாய்மாமாவுடையது. கப்பல் வேலைக்குப் போனவர், சிங்கப்பூரில் வாங்கினார். ஆடும் கருவி பழுதாகி, மாமாவும் இறந்த பிறகு கேசட் மட்டும் மிஞ்சியது. அதற்குள் ஒரு ஸ்கோர் பட்டியல் உண்டு. முதலிடத்தில் அவரே பதித்த அவர் பெயர். கடலூரில் இருக்கும் அம்மாவுக்கு அதை ஒருமுறை காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை.

2010இல் சிதம்பரத்தில் எலெக்ட்ரானிக்ஸ் இறுதியாண்டு படித்தபோது, ஒரு ரிப்பேர் கடையில் அசல் கேசட்டுகளை ஏற்கும் டூப்ளிகேட் கருவி கிடைத்தது. கடைக்காரர் என் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உள்ள பேட்டரி இருக்கு. இவ்ளோ வருசம் ஆயிடுச்சுன்னா சாவப்போவுதுன்னு அர்த்தம். அது செத்தா ஸ்கோரும் போயிடும். வெச்சிட்டுப் போங்க." அவருக்குப் பின்னால் அலமாரி முழுக்கப் போலி கேசட்டுகள்.

மறுநாள் சிரித்துக்கொண்டே தந்தார். "மணின்னு ஒருத்தரு மேல இருக்காரே, யாரு? வெறி புடிச்சவரு போல."

"எங்க மாமா."

"ஸ்கோரு அழியாம பேட்டரிய மாத்தியிருக்கேன். ஸ்க்ரூவ மட்டும் அவுத்துடாதம்மா."

திறக்காதே என்பவரிடம் மறைக்க ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. கையில் இருப்பது என் அசல்தானா என்று பார்க்க விடுதி அறையில் சோதனைப் பட்டியல் எழுதினேன்: ஒட்டுத்தாளின் அச்சு, எடை, திருகாணி, உள்பலகையின் முத்திரை. கருவியில் போட்டுப் பார்ப்பது ஐந்தாவது. போலியில் ஒரு பெயரை யார் வேண்டுமானாலும் ஏற்றலாமே. முதல் மூன்றிலும் குறை இல்லை. அதுவே சந்தேகத்தைக் கூட்டியது. திறந்தேன். உள்ளே பற்றவைத்த புத்தம்புதிய ஈயம் பளபளத்தது. பலகையையே மாற்றிவிட்டார் என்று முடிவு கட்டினேன். அசலின் முத்திரை பேட்டரிக்கு அடியில் இருக்கும் என்று படித்திருந்தேன். சால்டரிங் அயர்னைச் சூடாக்கிப் பேட்டரியைப் பெயர்த்தேன்.

முத்திரை இருந்தது. அசலேதான்.

பேட்டரி இல்லாமல் ஸ்கோரைச் சேமிக்கும் நினைவகம் எதையும் வைத்திருக்காது என்பது எனக்குத் தெரியாததல்ல, பரீட்சையிலேயே எழுதியிருக்கிறேன். பட்டியலில்தான் எழுதவில்லை. பேட்டரியைத் திரும்பப் பொருத்திக் கருவியில் போட்டபோது பெயர்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் கோடுகள்.

"அந்தக் கடைக்காரன்தான் எதையோ பண்ணிட்டான்" என்றார், போனில் விஷயம் கேட்ட அம்மா. நான் மறுக்கவில்லை.

அடுத்த வாரம் கடையைக் கடந்தபோது அவர் கூப்பிட்டுக் கேட்டார்: "என்னம்மா, மாமாவ முந்திட்டியா?"

"இன்னும் இல்லண்ணே."

அந்த டூப்ளிகேட் கருவி இன்றும் வேலை செய்கிறது. கேசட்டை எப்போதாவது அதில் போட்டு, கோடுகளைப் பார்த்துவிட்டு அணைத்துவிடுவேன். ஒரு ஆட்டம் ஆடினால்கூட முதலிடத்தில் என் பெயர் வந்துவிடும்.