ஒரே நாளில் ஒன்றரைக் கிலோ கொய்யா

கம்பத்திலிருந்து ஏலப்பாறைக்குத் தினமும் ஜீப்பில் காய்கறி, பழம் கொண்டுவருபவன் நான். ஆனால், சாப்பிடுவதோ மூன்று வேளையும் பரோட்டா. மலைச்சாலையில் வண்டியை நிறுத்த வேண்டிவருமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை.

மலச்சிக்கல் என்று போனபோது, "தினமும் பழம் சாப்பிடுங்க" என்றார் டாக்டர். இருபது வருடம் சாப்பிடாததை ஒரே நாளில் சாப்பிடும் அறிவாளி அல்லவா நான்! வரும் வழியிலேயே ஒன்றரைக் கிலோ கொய்யாவை விதையோடு விழுங்கினேன், தண்ணீரே இல்லாமல்.

மறுநாள் வயிறு உப்பி, ஓயாத வாந்தி.

"ஊருக்குத் தினமும் கொண்டாறீக, உங்க வயித்துக்கு மட்டும் ஒரே நாள்ல முழு லோடா?" என்று என் மனைவி அழுதுகொண்டே திட்டினாள்.

"தண்ணியில்லாம விதையும் நாருமா இறுகிக் குடலை அடைச்சிருக்கு" என்றார் டாக்டர். மூன்று நாள் மூக்கில் குழாயோடு, காற்றாவது பிரியட்டும் என்று சாமியைக் கும்பிட்டேன். பிரியவில்லை. வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள்.

இப்போது தினமும் அளவாகக் காயும் பழமும். வண்டியை நிறுத்தித் தண்ணீரும். ஆனாலும், ஆபரேஷன் தழும்பால் குடல் மறுபடி அடைக்கலாமாம். காலையில் கழிவறைக் கதவைச் சாத்தும்போதே, காற்றாவது பிரியட்டும் என்று சாமியைக் கும்பிடுகிறேன்.

"என்னங்க, ஆச்சா?" என்று வெளியே நின்று கேட்கிறாள் மனைவி. பல நாட்கள், "இன்னும் லோடு இறங்கல" என்றுதான் உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறேன்.