அக்காவுக்கு ஒரு டேஷ்போர்டு

ஒரகடத்தில் நான் வேலை செய்யும் கம்பெனியில்தான் அக்காவும் அசெம்ப்ளி லைனில் நின்றாள். நின்றாள் என்றால் நிஜமாகவே நின்றாள், ஷிப்ட் முழுக்க. இடுப்பு போனதும் டாக்டர் இனி நிற்கவே கூடாது என்றுவிட்டார். உட்கார்ந்து செய்கிற வேலை அங்கே ஏது? சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டேன். ஸ்டோரிலிருந்து லைனுக்குப் பாகங்களைக் கொண்டுபோக ஒரு ரிமோட் வண்டி செய்து காட்டினால், அதை ஓட்டுகிற வேலையை அவளுக்குத் தரப் பார்க்கலாம் என்றார். என்னைத் தட்டிக்கழிக்கத்தான் சொன்னார். வந்த கோபத்தில் செய்தே தீருவது என்று இறங்கிவிட்டேன். நான் மெயின்டெனன்ஸ்காரி, மோட்டாரும் சக்கரமும் எனக்குப் பழக்கம்.

வண்டி சீக்கிரமே நகர்ந்துவிட்டது. மண்டையைக் குடைந்தது டேஷ்போர்டுதான். வண்டி எங்கே இருக்கிறது, சார்ஜ் எவ்வளவு என்று போனில் காட்டி, ஓட்டுவதற்குப் பொத்தான்களும் தருகிற பக்கம் அது. அதை அமைத்துக்கொள்ள இணையத்தில் ரெடிமேட் தளங்கள் கொட்டிக் கிடந்தன. மண்ணூர் வீட்டில் ஃபேனுக்குக் கீழே படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பேன். நீல வட்டங்கள், மெல்ல ஏறி இறங்கும் முட்கள், பச்சைக் கோடுகள். பார்க்கப் பார்க்கக் கண் சொருகும். அரைத்தூக்கத்தில் அக்கா சுழல் நாற்காலியில், ஏசி அறையில், மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்திருப்பாள். அவளுக்குக் கண்ணாடியே கிடையாது.

"இன்னாடி, கல்யாணத்துக்குப் புடவை எடுக்கற மாதிரி பாத்துக்கினே கீற?" என்பாள்.

கடைசியில் இருப்பதிலேயே அழகான தளத்தை எடுத்தேன். வாரவிடுமுறை அன்று வீட்டுக்கு எதிரே, ஏரியை ஒட்டிப் பிளாட் போட்ட காலி நிலத்தில் ஓட்டிப் பார்த்தோம். வண்டி ஒவ்வொரு கல்லுக்கும் ஒதுங்கிப் போய், சொன்ன இடத்தில் நின்றது. அக்கா வாசலில் உட்கார்ந்தபடி போனைத் தடவித் தடவிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

அந்த வாரம் எனக்கு இரவு ஷிப்ட். ஒரு பிற்பகல் மறுபடி ஓட்டினோம். வெயில் மஞ்சளாக இறங்கியது, ரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வரத் தொடங்கின. அக்கா நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள்.

"போய்கினே கீதுடி."

"நின்னுடுச்சுக்கா, இதோ பாரு," என்று போனைக் காட்டினேன். திரையில் வண்டி வேப்பமரத்தடியில் சமத்தாக நின்றது. நிமிர்ந்து பார்த்தால், அது தூக்கத்தில் நடப்பதுபோல ஏரியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஓடிப்போய் முழங்கால் தண்ணீரில் பிடித்தேன்.

எனக்கா தெரியாது? இங்கே பாதி கம்பெனிகளில் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஷிப்ட் விட்டதும் மொத்த ஜனமும் ஒரே நேரத்தில் ஆன் செய்து வீட்டுக்குப் பேசும். டவர் திணறிவிடும். தினமும் அந்தக் கும்பலில் நின்று போனைத் திட்டுகிறவள் நான். ஆனால் நாங்கள் முதலில் ஓட்டிப் பார்த்தது லீவு நாளில், இந்த முறையோ ஷிப்ட் விடும் நேரம். அழகுத் தளமோ எங்கோ வெளிநாட்டில் இருந்தது. அக்காவின் ஒவ்வொரு அழுத்தமும் அந்த டவர் வழியாக அங்கே போய்த் திரும்ப வேண்டும். அது வண்டிக்கு வந்து சேரும் முன்பே, நின்றுவிட்டதாகத் திரை காட்டிவிட்டது.

இரண்டாவதாக எடுத்தது நம் இடத்திலேயே, ஒரு சின்னக் கம்ப்யூட்டரில், சொந்த வைஃபையில் ஓடுகிற தளம். சாம்பல் நிறம், தடித்த பொத்தான்கள். அதில் நானே ஒன்று சேர்த்தேன்: பொத்தான்மேல் விரல் இருக்கும்வரைதான் வண்டி ஓடும். விரலை எடுத்தாலோ சிக்னல் அறுந்தாலோ அங்கேயே நின்றுவிடும்.

"மூஞ்சியே சரியில்லியேடி," என்றாள் அக்கா.

"ஏன், உன் தங்கச்சி மூஞ்சி மாதிரியே கீதுன்றியா?" என்றேன்.

ஸ்டோரில் செய்து காட்டினோம். அக்கா நாற்காலியில் இருந்தபடியே பாகங்களை லைன்வரை கொண்டுபோய், வண்டியைத் திருப்பிக் கூட்டிவந்தாள். சூப்பர்வைசர் உதட்டைப் பிதுக்கினார்.

"வேற கம்பெனிலலாம் வண்டி தானா ஓடுது. இதுக்கு ஒரு ஆளு உட்காந்துகினே இருக்கணும் போலக்கீதே?"

டவர், ஏரி என்று ஏதோ உளற ஆரம்பித்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஆமா சார், உட்காந்துகினே இருக்கணும். நான் உட்காந்துக்கறேன்."

அவர் வண்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "திங்கக்கிழமை ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கு வந்துடும்மா," என்றார்.

சூப்பர்வைசர் பேசினால் எழுந்து நிற்பதுதான் அங்கே வழக்கம். அக்கா உட்கார்ந்தபடியே "சரிங்க சார்" என்றாள்.