யாரும் சண்டை போடாத பெட்டி

நான் மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். கடையநல்லூரிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து, பஜார் ரோட்டில் சுக்கு மூட்டை தூக்கி, பிறகு காயலாங்கடை வைத்து, அந்தக் காயலாங்கடையையே பழம்பொருள் கடையாக உயர்த்தினேன். ஒரு விளக்கைத் தட்டினால் சத்தத்தை வைத்து வயது சொல்வேன். ஒரு பெட்டியை மோந்து பார்த்தால் அதில் முன்பு இருந்தது நகையா நெல்லா என்று சொல்வேன். அலாவுதீன் கண்ணுக்குத் தப்பிய போலி கிடையாது என்று யூதத் தெரு முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனே நான்தான் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் பொய்யில்லை.

ஆனால் இங்கே எழுத வந்தது மூக்கம்மாளைப் பற்றி. அவளைக் கண்டுபிடித்தவன் நான் என்பதால் என்னைப் பற்றியும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது.

சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் ஊர்க்காரி. புருஷன் செல்லதுரை எறணாகுளத்தில் ஒரு ஓட்டலில் தோசை மாஸ்டர். எழுபத்தொன்றில் அவனோடு வந்தவள், வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் எவர்சில்வர் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள். பழைய பாத்திரத்தைக் கொடுத்தால் புது எவர்சில்வர். அப்போது கொச்சிப் பெண்கள் வெண்கலத்தையும் பித்தளையையும் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை ஓய்ந்து போயிருந்தார்கள். மூக்கம்மாள் சுள்ளிக்கல்லில் நின்று குரல் கொடுத்தால் தோப்பும்படியில் கதவு திறக்கும். வாங்கிய பழசையெல்லாம் சாயங்காலம் என் கடையில் கொண்டுவந்து இறக்குவாள். உருக்கப் போகிறவை ஒரு பக்கம், நான் விற்கப் போகிறவை ஒரு பக்கம் என்று பிரித்துவைப்பேன்.

பிரிப்பதில்தான் எங்களுக்குள் தகராறு. நான் பொருளைப் பார்ப்பேன். அவள் பொருளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஒருநாள் பாயசம் காய்ச்சுகிற வெண்கல உருளி ஒன்றைக் கூடையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இது நல்ல பழசு, பாய்."

"தட்டிப் பாத்தியா?"

"தட்டுததுக்கு எங்க நேரம்? இத வாங்கிட்டுத் தெருமொனை தாண்டல, நாத்தனாக்காரி வெளக்கமாத்தோட ஓடி வந்துட்டா. புதுசுக்கு யாரு ஓடி வருவா?"

"அவ பிடுங்கியிருந்தா உருளி இங்க எப்படி வந்துச்சு?"

"பிடுங்கத்தான் செஞ்சா. மதினிக்காரி அவளவிட வேகமா ஓடி வந்து பிடுங்கி, திரும்ப எங்கூடையில போட்டுட்டா."

உருளியைத் தட்டிப் பார்த்தேன். பழசுதான்.

இதுதான் அவள் முறை. எந்த வீட்டில் எதைக் கொடுத்தாலும் ஒரே கேள்விதான் கேட்பாள்: இதுக்காக உங்க வீட்டுல யாரு யாரோட பேசாம இருக்கா? அக்கா தங்கையோடு பேசுவதில்லை, மாமியார் மருமகளோடு பேசுவதில்லை என்று பதில் வந்தால் பழசு. எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால் கடையில் வாங்கிய சாமான். நான் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். ஆனால் அவள் பழசு என்று சொன்னது உருக்கும் பக்கம் போனதில்லை.

எழுபத்தொன்பதில் அவளுக்குக் கழுத்து வலி வந்தது. கூடையை இறக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். நேராக என் கடைக்கு வந்து நின்றாள்.

"பாய், உங்க கடையில எனக்கு ஒரு நாற்காலி போடுங்க. வர்ற சாமான நான் பாத்துச் சொல்லுதேன்."

"பாத்துச் சொல்ல நான் இருக்கேன், மூக்கம்மா."

"நீங்க சாமானப் பாருங்க. நான் ஆளப் பாக்கேன்."

இல்லை என்று சொல்லிவிட்டேன். ஒரு கடைக்கு ஒரு கண் போதும், அது என் கண். அவளும் மறுபடி கூடையைத் தூக்கினாள். தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பி நடந்தாள்.

அந்த ஓணம் கழிந்த வாரத்தில் குட்டப்பக் குறுப்பு ஒரு நெட்டூர்ப் பெட்டியோடு வந்தார். களமசேரியில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். நெட்டூர்ப் பெட்டி என்பது மலையாள வீட்டுப் பெண்கள் நகை வைக்கும் பெட்டி. மூடி நாலு பக்கமும் வீட்டுக் கூரை மாதிரி சரிந்திருக்கும், மூலைக்கு மூலை பித்தளைப் பட்டை. வெளிநாட்டார் கண்ணில் பட்டால் விடமாட்டார்கள். அதனால் அதற்குப் போலியும் அதிகம்.

நான் சோதித்தேன். பூச்சி அரித்த துளைக்குள் ஈர்க்குச்சியை விட்டேன். துரப்பணத்தால் போட்ட துளை என்றால் குச்சி நேராகப் போகும். இது உள்ளே வளைந்து போய் முட்டி நின்றது. உண்மையான பூச்சி. பலாமரம், நூறு வருஷத்துக்குக் குறையாது. மூடியின் ஓரத்தில் ஏதோ கடித்த தடம் வரிசையாக இருந்தது.

"எலி," என்றேன்.

"எலி தன்னெ," என்றார் குறுப்பு, நான் சொல்லி முடிப்பதற்குள்.

அந்த நேரத்தில் கூடையோடு மூக்கம்மாள் வந்து சேர்ந்தாள். பெட்டியைப் பார்க்கவில்லை. குறுப்பைப் பார்த்தாள்.

"ஐயா, இந்தப் பெட்டிக்காக உங்க வீட்டுல யாரு யாரோட பேசாம இருக்காங்க?"

"ஆரும் இல்ல. நானும் அனியனும் பள்ளுருத்தியில கெட்டிக்கொடுத்த பெங்ஙளும் நல்ல சினேகம்." தம்பியையும் தங்கையையும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வந்து பணம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, பெட்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் மூக்கம்மாள் சொன்னாள்:

"புதுசு."

"ஈர்க்குச்சி பொய் சொல்லாது."

"அவரு சொல்லுவாரு. ஒரு பெட்டி, மூணு உருப்படி, சண்டையே இல்லையாம். பழசா இருந்தா சண்டை இல்லாம இருக்குமா? இது புதுசுன்னு காட்டிட்டா நாற்காலி போடுவீங்களா?"

"காட்டலன்னா?"

"கூடையத் தூக்கிட்டே கெடக்கேன். நாற்காலிப் பேச்சே எடுக்க மாட்டேன்."

ஒத்துக்கொண்டேன். அவள் அன்றைக்கே வலிக்கிற கழுத்தோடு பள்ளுருத்திக்கு நடந்து, குறுப்பின் தங்கை கமலாக்ஷியைத் தேடிப் பிடித்து, பெட்டி விலைக்கு வந்திருக்கிற சேதியைச் சொல்லிவிட்டாள். கமலாக்ஷி தம்பிக்கும் சொல்லி அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை குறுப்பு வந்து உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் தம்பி வந்து நின்றார். அவர்கள் மலையாளத்தில் போட்ட சண்டையைத் தமிழில் எழுதுகிறேன், காரம் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். என்னைக் கேட்காமல் எப்படி விற்கலாம், என் பங்கு எங்கே என்று தம்பி குதித்தார். பங்கு பங்கு என்கிறாயே, அம்மாவுக்கு மருந்து வாங்கித் தந்தவன் யார் என்று அண்ணன் குதித்தார்.

நான் மூக்கம்மாளைப் பார்த்தேன். "சண்டை இல்ல, சண்டை இல்லன்னியே. இது என்ன, கச்சேரியா?"

"இது பங்குச் சண்டை, பாய். அந்தத் தம்பி இன்னும் பெட்டிய ஒருதரம் பாக்கல."

அப்போது ஒரு ஆட்டோ வந்து நின்றது. கமலாக்ஷி இறங்கினாள். நாற்பத்தைந்து வயதுக்காரி, நல்ல கம்பீரம். அண்ணன் தம்பி யாரையும் கண்டுகொள்ளாமல் நேராக வந்து, பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மூடியின் ஓரத்தை விரலால் தடவினாள்.

"சேட்டா, இது ஆரு கடிச்சது?"

"நீதான். ஆறு வயசில. மறந்துபோயோ?"

எலி என்று என்னிடம் ஒத்துக்கொண்ட மனிதர் இப்படிச் சொன்னார்.

"மறக்கல. பெட்டிய சேட்டனுக்குத் தரும்னு அம்மை சொன்ன கோபத்தில கடிச்சேன். அன்னைக்கு எனக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்து கிடந்துது. இதில ஒரு பல்லு குறையாம இருக்கு. நம்ம பெட்டி எவிடெ?"

தம்பி அப்போதுதான் முதன்முறையாகப் பெட்டியைப் பார்த்தார். குறுப்பு என் கடையின் உத்திரத்தைப் பார்த்தார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நடந்த வருஷம், கஷ்டத்துக்கு அசல் பெட்டியைப் பம்பாய்க்காரர் ஒருவரிடம் விற்றுவிட்டார். தங்கைக்குத் தெரியக் கூடாதென்று, வீட்டு மச்சிலிருந்து கழற்றிய பலாக்கட்டையில் ஆசாரியை வைத்து அதே மாதிரி ஒன்று செய்யச் சொல்லி, கடித்த தடத்தையும் நினைவிலிருந்து சொல்லிப் போடவைத்து, கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். இப்போது வீட்டைப் பாகம் வைக்கப் போகிறார்கள். பெட்டி தங்கை கைக்குப் போனால் தெரிந்துவிடும் என்றுதான் என் கடைக்குக் கொண்டுவந்தார்.

இங்கே ஒன்றை எழுதியே ஆக வேண்டும். மரம் நூறு வருஷத்து மரம், நான் சொன்னது சரி. பூச்சித் துளையும் மெய்யானது, அதுவும் சரி. கடித்த தடம் என்றேன், கடித்த தடமேதான். வியாபாரியை ஏமாற்றச் செய்த போலியை நான் நொடியில் பிடிப்பேன். இது கூடப்பிறந்தவளை ஏமாற்றச் செய்த போலி. அதை என்னிடம் கொண்டுவந்தது குறுப்பின் குற்றம்.

கமலாக்ஷி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசாமல் ஆட்டோவில் ஏறிப் போனாள். அதற்கப்புறம் அவள் அவரோடு பேசவே இல்லை என்று கேள்வி.

"பாத்தீங்களா பாய்," என்றாள் மூக்கம்மாள். "அந்தப் பம்பாய்ப் பெட்டி, அது எங்க கெடந்தாலும் நெசமான பழசு."

வாக்கு மாறுகிறவன் நானில்லை. என் கடையிலேயே ஒசத்தியான ஈட்டி மர நாற்காலியை எடுத்துப் போட்டேன். அவள் உட்கார மறுத்தாள்.

"இதுக்கு எவ ஓடி வருவாளோ. எனக்குப் புதுசு வாங்குங்க."

பச்சை ஒயர் பின்னிய நாற்காலி ஒன்று வாங்கினேன். கூடை இறங்கியது. கழுத்து மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தது, இரண்டு பக்கமும். அந்த நாற்காலியிலிருந்து அவள் திருப்பி அனுப்பிய போலிகளுக்குக் கணக்கில்லை. அவளை உட்கார வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே, அதுதான் கண். சாமானைப் பார்க்கிறவர்கள் ஊரில் நிறைய இருக்கிறார்கள், ஆளைப் பார்த்து எடுக்க ஒருவன்தான் இருந்தான்.

எண்பத்துமூன்றுக்குள் விஷயம் பரவிவிட்டது. சாமான் கொண்டுவருகிறவர்கள் சண்டையும் சேர்த்துக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். படிக்குக் கீழே சிரித்துப் பேசிக்கொண்டு வருகிற அண்ணனும் தம்பியும், படி ஏறியதும் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். பாத்திரத்தில் போலி பார்த்துக்கொண்டிருந்தவள் சண்டையில் போலி பார்க்க வேண்டியதாயிற்று.

ஒருநாள் சுள்ளிக்கல்லிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் தூக்குவிளக்கு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். என் அம்மை விளக்கு என்றான் அவன். என் அம்மை விளக்கு என்றாள் அவள். தொடக்கம் கொஞ்சம் ஒப்பித்த மாதிரிதான் இருந்தது. பிறகு சூடு பிடித்தது. கல்யாண விருந்தில் தன் கூடப்பிறந்தவனை இரண்டாம் பந்தியில் உட்காரவைத்ததை அவள் எடுத்தாள். பிரசவத்துக்குப் போனவள் ஆறு மாதம் திரும்பி வராததை அவன் எடுத்தான். அவள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. மூக்கம்மாள் சாயாவை உறிஞ்சியபடி கடைசிவரை கேட்டாள்.

"வெளக்கு புதுசு," என்றாள். "சண்டை பழசு."

அவன் அசடு வழிந்தான். "எப்படிச் சேச்சி அறிஞ்சு?"

"ரெண்டாம் பந்திக்குப் போனதுக்கப்புறம் ரெண்டு பேரும் வெளக்குப் பக்கம் திரும்பவே இல்லியே. உக்காருங்க, சாயா குடிச்சிட்டுப் போங்க."

அவர்கள் உட்கார்ந்து, சாயாவில் சர்க்கரை கூடுதல் குறைச்சல் என்று மறுபடி தொடங்கினார்கள். நான் விளக்கை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். புதுசுதான். அவளுக்கு முன்பே நான் சொல்லியிருப்பேன். சண்டை கேட்க நன்றாக இருந்தது, அதனால் விட்டுவிட்டேன்.