கூப்பிட ஆளில்லாத கப்பல்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் உரக்கடை வைத்திருக்கும் கோவிந்தசாமி, அடுத்தவர் வீட்டு விசேஷத்தில் கூப்பிடாமல் இலை முன்னால் உட்கார்ந்ததாகச் சரித்திரமே கிடையாது. மொய் எழுதிவிட்டு மண்டபத்து மூலையில் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துகொள்வார். வீட்டுத் தலைவர் தேடி வந்து “சாப்பிட வாங்க” என்று கூப்பிட வேண்டும். முதல் தடவை கூப்பிட்டால் “ஆகட்டும், ஆகட்டும்” என்பார். இரண்டாம் தடவை “மத்தவங்க ஆகட்டும்” என்பார். மூன்றாம் தடவை வந்து கையைப் பிடித்தால்தான் எழுந்திருப்பார். பிடிக்க ஆள் வரவில்லையென்றால் பட்டினியாக வீடு திரும்பி, மனைவி மலர்க்கொடி கிண்டிக் கொடுக்கும் உப்புமாவைத் தின்றுவிட்டு, அந்த வீட்டோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்வார். இப்படி முறிந்த உறவுகளை மட்டும் கூப்பிட்டே ஒரு மண்டபத்தை நிரப்பலாம்.

இந்த மகத்தான கொள்கைக்கு அவருடைய ஒரே மகள் இளமதியும் ஒரு தடவை பலியானாள். மங்கலம்பேட்டையில் பேசி முடிக்கப் போன இடத்தில், மாப்பிள்ளை வீட்டார் பேச்சு சுவாரசியத்தில் இரண்டாவது அழைப்போடு நிறுத்திவிட்டார்கள். இவர் போய் காரில் உட்கார்ந்துவிட்டார். சம்பந்தம் அத்தோடு போயிற்று. அந்தப் பையன் இப்போது தன் குழந்தைக்குக் காதே குத்திவிட்டான். இளமதிக்கு முப்பது தாண்டிவிட்டது.

அதற்குப் பிறகு வந்ததுதான் சிதம்பரம் சம்பந்தம். அரிசி மண்டி தட்சிணாமூர்த்தியின் மகன் இளவரசு, சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. இளமதிக்கு அவனைப் பிடித்திருந்தது, அவனுக்கும் அவளை. ஆவணியில் நிச்சயம் என்று முடிவானதும் பையனுக்கு ஒரு யோசனை வந்தது. இரண்டு குடும்பமும் பழகட்டும் என்று எல்லாருக்கும் சொகுசுக் கப்பலில் டிக்கெட் போட்டுவிட்டான். சென்னையில் ஏறினால் தெற்கே கொஞ்ச தூரம் போய், ஒரு நாள் முழுக்கக் கடலில் சுற்றிவிட்டுத் திரும்பவும் சென்னையிலேயே இறக்கிவிடுவார்கள். போக ஓர் ஊர் இல்லாமல் போய் வருவதற்கு இத்தனை பெரிய கப்பல் எதற்கு என்று கோவிந்தசாமிக்கு விளங்கவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டை வழியிலேயே முடித்துக்கொண்டு ஏறும்போதே இளமதி அப்பாவைத் தனியாக இழுத்துச் சொன்னாள். “அப்பா, இது கப்பல். கோச்சிக்கிட்டு பாதியில எறங்கி வர முடியாது. ஞாபகம் வச்சிக்கிங்க.”

“நான் ஏம்மா கோச்சிக்கிறேன்?” என்றார் கோவிந்தசாமி.

மறுநாள் காலையில் கப்பல் முழுக்க நெய் வாசனை. இட்லி, பொங்கல், பூரி, சுடச்சுட ஊற்றித் தரும் தோசை, பெயர் தெரியாத ரொட்டிகள், வெட்டி அடுக்கிய பழங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பந்திக்கு முந்து என்ற பழமொழியைச் சனங்கள் அங்கேதான் முழுசாகக் கடைப்பிடித்தார்கள்.

“வாங்க, சாப்பிடலாம்” என்றாள் மலர்க்கொடி.

“பொண்டாட்டி கூப்பிடறதெல்லாம் ஒரு அழைப்பா? கூட்டிட்டு வந்தவுங்க அவுங்க. சம்பந்தி வந்து கூப்பிடட்டும்.”

“நான் சுகர் மாத்திரை போடணும். நீங்க இருந்து மரியாதைய வாங்கிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு அவள் தட்சிணாமூர்த்தியின் மனைவியோடு போய்விட்டாள்.

கோவிந்தசாமி சாப்பாட்டுக்கூட வாசலில் ஒரு சோபாவைப் பிடித்தார். சம்பந்தி கண்ணில் தவறாமல் படுகிற இடம். வாசலில் நின்ற வடகிழக்கு மாநிலப் பெண் ஒருத்தி அவரைப் பார்த்துக் கும்பிட்டு “வெல்கம் சார்” என்றாள். இதை அழைப்பில் சேர்க்கலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். அதே கும்பிடை அவள் தள்ளுவண்டியில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தைக்கும் போட்டதைப் பார்த்ததும் தள்ளுபடி செய்துவிட்டார்.

சம்பந்தி வரவில்லை. தோசைக்கல்லைத் துடைத்து மூடினார்கள்.

இளவரசுதான் வந்தான். “மாமா, வாங்க, கப்பல சுத்திக் காட்டறேன்” என்று உற்சாகமாகக் கூட்டிக்கொண்டு போனான். செயற்கைப் பாறையில் கயிற்றைக் கட்டிக்கொண்டு நாலு பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள், ஏறியவர்களை உடனே இறக்கிவிட்டார்கள். சுற்றிலும் கடல் கிடக்க, நடுவில் ஒரு தொட்டியில் தண்ணீர் விட்டு அதில் குளித்தார்கள். தின்றதைக் கரைக்க உடற்பயிற்சிக் கூடம் ஒன்று இருந்தது. தின்னாத மனிதருக்கு அங்கே என்ன வேலை? மசாஜ் அறையில் பெண்கள் வெள்ளரிக்காயை வட்டம் வட்டமாக நறுக்கிக் கண்ணில் வைத்து வீணடித்துக்கொண்டிருந்தார்கள். மாயாஜாலக்காரன் தொப்பிக்குள்ளிருந்து ஓர் ஆப்பிளை எடுத்ததும் அரங்கமே கைதட்டியது. கோவிந்தசாமி எச்சிலை விழுங்கினார்.

“எல்லாம் ஓகேவா மாமா?”

“ஓகே மாப்ள, பிரமாதம்.”

மத்தியானச் சாப்பாடும் அப்படியே கடந்து போனது. மேல்தளத்துக்குப் போனால் அங்கே சாய்வு நாற்காலியில், வேட்டியும் கறுப்புக் கண்ணாடியுமாகத் தட்சிணாமூர்த்தி உட்கார்ந்திருந்தார். இதோ கூப்பிடப் போகிறார் என்று கோவிந்தசாமி பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

“வெயில் ஜாஸ்தி” என்றார் தட்சிணாமூர்த்தி.

“ஆமா, ஜாஸ்திதான்.”

“அதோ கோடு மாதிரி தெரியுது பாருங்க, அது ஒங்க கடலூராம். இன்னும் தெக்கால போனா நம்ம பிச்சாவரம்.”

“ஆமாமா.”

இருவரும் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழை, நெல் விலை, உர விலை எல்லாம் பேசினார்கள். சோற்றுப் பேச்சு மட்டும் வரவில்லை. நடுவில் ஒரு வயிறு சத்தமாக உறுமியது. கோவிந்தசாமி அது தன்னுடையதுதான் என்று நினைத்து வெட்கப்பட்டார். தட்சிணாமூர்த்தி திடீரென்று எழுந்து, “நான் ரூமுக்குப் போறேன், தல சுத்துது” என்று சொல்லிவிட்டுத் தள்ளாடிக்கொண்டே போனார்.

அதோடு கோவிந்தசாமிக்குத் தாங்கவில்லை. நாள் முழுக்க ஒரு மனிதனைச் சோறில்லாமல் உட்கார வைத்து வெயிலைப் பற்றிப் பேசுகிறானே, இவனெல்லாம் சம்பந்தியா? அறையில் போய்ப் படுத்துக்கொண்டு, சென்னையில் இறங்கியதும் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். “ஒங்க சம்பந்தமே வாணாம்யா” என்று முடிகிற மாதிரி நன்றாகவே வந்திருந்தது.

அப்போது இளமதி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அழுத முகம்.

“அவுங்க அப்பா காலையிலேர்ந்து பச்சத் தண்ணிகூடக் குடிக்கலயாம்ப்பா. பொண்ணு வீட்டுக்காரரு ஒரு வார்த்த சாப்பிட வாங்கன்னு கூப்பிடலயாம். மாப்பிள்ளை வீட்டுக்காரன் தானா போயி தட்டத் தூக்குறதான்னு படுத்திருக்காரு. எறங்கின ஒடனே இந்த சம்பந்தம் வாணாம்னு சொல்லப் போறாராம்.”

கோவிந்தசாமி எழுந்து உட்கார்ந்தார். உலகத்தில் தன்னைப் போல இன்னொருத்தன் இருக்கிறான் என்பதில் முதலில் ஒரு சந்தோஷம்கூட வந்தது. பிறகு நியாயம் பொங்கியது.

“டிக்கெட் போட்டது யாரு? அவுங்க. அப்ப விசேஷம் அவுங்களுது. அவருதானே நம்மள கூப்பிடணும்? நான் மட்டும் சாப்டேனா?”

இளமதி அவரை வெறித்துப் பார்த்தாள். “நீங்களும் சாப்பிடலையா?” என்றாள். பிறகு குரலை உயர்த்தாமலேயே கேட்டாள். “போன தடவ நீங்க கோச்சிக்கிட்டீங்க. இந்த தடவ அவரு கோச்சிக்கிறாரு. நான் யாருகிட்டப்பா கோச்சிக்கிறது?”

கோவிந்தசாமிக்கு வெட்கமாக இருந்தது. எத்தனை மண்டபங்களில் எத்தனை பேர் கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறார்கள், அப்போதெல்லாம் பெருமையாக இருந்தது. இப்போது மகள் நிற்கிற நிலையைப் பார்க்க முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு போய் தட்சிணாமூர்த்தியின் கதவைத் தட்டினார்.

“சம்பந்தி, சாப்பிட வாங்க.”

“ஆகட்டும், ஆகட்டும்” என்றது உள்ளேயிருந்து குரல்.

“நீங்க வந்தாதான் சரியா இருக்கும். வாங்க சம்பந்தி.”

“மொதல்ல சின்னவங்க ஆகட்டும்.”

கோவிந்தசாமி உள்ளே போனார். ஆளை நிமிர்த்தி உட்கார வைத்து, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “தப்பு என்னுதுதான். எந்திரிங்க” என்றார். தட்சிணாமூர்த்தி எழுந்தார்.

ராத்திரிச் சாப்பாடு வைத்திருந்த கூடத்தில் தட்சிணாமூர்த்தி மேஜையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார், யாராவது இலை போடுவார்கள் என்பதுபோல. கோவிந்தசாமி தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். சாம்பார் சாதம், கோஸ் பொரியல், அப்பளம். அடுத்த நடையில் ரசம், அதற்கடுத்ததில் தயிர். இளமதியும் இளவரசும் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் ஏதோ சொல்ல அவள் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்து அப்போதுதான் அவர் பார்த்தார்.

தட்சிணாமூர்த்தி ஏப்பம் விட்டு நிமிர்ந்தார். முகம் தெளிந்திருந்தது.

“ஆமா, நீங்க சாப்டீங்களா சம்பந்தி?”

இல்லை என்று சொன்னால், ஏன் இல்லை என்று அடுத்த கேள்வி வரும். யார் யாரைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்று வழக்கு முதலிலிருந்து தொடங்கும். கோவிந்தசாமி மகளைப் பார்த்தார். கையிலிருந்த தயிர்க் கரண்டியைக் கீழே வைத்தார்.

“ஆச்சு சம்பந்தி. நான் அப்பவே போயி சாப்டுட்டேன்” என்றார்.

பக்கத்தில் வந்து நின்ற மலர்க்கொடி கணவரை நிமிர்ந்து பார்த்தாள். கூப்பிடாமல் போய்ச் சாப்பிட்டதாக அவர் வாயிலிருந்து இத்தனை வருஷத்தில் இப்போதுதான் கேட்கிறாள். அதுவும் பொய்.