தம்பி கொண்டுவந்த வெள்ளை வைன்

இருபது வருடம் பிரான்சில் உணவகமொன்றில் கோப்பை கழுவிய என் தம்பி, சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் ஊர் ஓலைத்தொடுவாய்க்கு வந்து இறங்கினான். காணிக்குத்தான் வந்திருக்கிறான் என்று அப்போதே எனக்குப் பொறி தட்டிவிட்டது. நானும் மனைவியும் இருக்கிற வீடும் வளவும் என் பெயரிலும் தம்பி பெயரிலும்தான் காணி உறுதி எழுதிக் கிடந்தது. நாட்டில் சண்டை முடிந்த பிறகு கரையோரக் காணிக்குக் கொழும்பிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து விலை கேட்டார்கள். இவன் தன் பங்கை விற்கப்போனால் இந்த வயதில் நான் எங்கே போவது?

அவன் நடந்துகொண்ட விதமும் அப்படித்தான் இருந்தது. முதல் நாள் மனைவி பதற்றத்தில் மீன்குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டாள். நான் ஒரு வாயோடு பீங்கானைத் தள்ளிவிட்டேன். இவனோ வழித்துத் தின்றுவிட்டு, "அண்ணி, உங்கட கைப்பக்குவம் மாறவேயில்லை" என்றான். ஆள் நன்றாகத் தேறித்தான் வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், உடுக்கிற சாரத்தில் சுற்றிய ஒரு போத்தலைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான். வெள்ளை வைன். லேசில் கிடைக்காததாம், பதினைந்து வருடம் பழையதாம், அவனுடைய இரண்டு மாதச் சம்பளமாம். நேற்று இறக்கிய கள்ளையே இன்றைக்கு வாயில் வைக்க மாட்டோம் நாங்கள். பதினைந்து வருடம் கிடந்ததை எவன் குடிப்பான்? வெறியேற்றி ஒப்பம் வாங்கப் பார்க்கிறான்.

"நீ முதல் குடி" என்றேன்.

குடித்தான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு எனக்கு ஊற்றினான்.

"எப்பிடி இருக்கண்ணை?"

"புளிச்சுப்போய்க் கிடக்கு."

"வேற?"

"வேற என்ன வேற."

"வடிவாக் குடிச்சுப் பாருங்கோ. புளிப்பு மட்டுமோ?"

எனக்குப் பொறுக்கவில்லை. கிளாசை மேசையில் இடித்து வைத்தேன். "சுத்தி வளைக்காதை. காணிக்குத்தானே வந்தனி?"

அவன் திருதிருவென்று முழித்தான். "காணியோ? அதை ஆர் கேட்டது?"

தன் கிளாசின் விளிம்பை விரலால் துடைத்துக்கொண்டே சொன்னான்: "தொண்டையில கான்சர் வந்ததண்ணை. கரண்ட் பிடிச்சு, அதுதான் ரேடியேஷன் குடுத்து, மாத்தினவங்கள். அதுக்குப் பிறகு நாக்குச் செத்துப்போச்சு. உப்பும் தெரியாது, புளியும் தெரியாது. இந்த வைன் ஊத்தின கிளாசுகளை இருபது வருசம் கழுவினனான். ஒருநாளைக்கு வாங்கிக் குடிக்கோணும் எண்டு ஆசை. வாங்கின கிழமைதான் இந்தக் கான்சர் வருத்தம் தெரிஞ்சது. நீங்களாவது குடிச்சுச் சொல்லுவியள் எண்டு கொண்டந்தனான்."

நாசமாய்ப் போன என் வாய். அவனை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. கிளாசை எடுத்து, இந்த முறை விழுங்காமல் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன்.

"முதல் புளிக்குது" என்றேன். "பிறகு அது போயிடுது. விளாம்பழத்தை உடைச்ச மாதிரி ஒரு வாசம் வருது. அடித்தொண்டையில கொஞ்சம் இனிப்பு. தேன் மாதிரி. ஆனால் தேன் இல்லை."

அவன் கண்ணை மூடிக்கொண்டு வெறும் வாயை மென்றான்.

"மெதுவாச் சொல்லுங்கோ அண்ணை" என்றான்.